அட்டையில் அவள் முகம்: யார் முடிவு செய்வது?

1978-ம் ஆண்டின் தொடக்கம். லண்டன் பேருந்துகளில் ஓர் இளம்பெண்ணின் போஸ்டர் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. உடலோடு ஒட்டிய இளஞ்சிவப்புப் பனியன், விரித்துவிட்ட கூந்தல், கேமராவை நேராகப் பார்க்கும் பெரிய கண்கள். பெயர் கேட் புஷ். வயது 19. முதல் ஆல்பம் அப்போதுதான் கடைக்கு வருகிறது.

அவர் பாடியிருந்த பாட்டைக் கேட்டவர்களுக்கு அந்தப் போஸ்டர் புரிந்திருக்காது. எமிலி ப்ரான்டி 1847-ல் எழுதிய 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலில் செத்துப்போன கேத்தரின், ஆவியாக வந்து ஜன்னலுக்கு வெளியே குளிரில் நிற்பாள். உள்ளே விடச் சொல்லித் தன் காதலனைக் கூப்பிடுவாள். அந்த ஆவியின் குரலில் ஒரு பெண் எழுதி, இசையமைத்து, எட்டாத உச்சத்தில் பாடிய பாட்டு அது. பேருந்தில் போன படத்தில் அந்த நாவலும் இல்லை, குளிரும் இல்லை, ஆவியும் இல்லை. ஒரு பெண்ணின் உடல் மட்டும் இருந்தது.

படத்தை எடுத்தவர் கெரெட் மேன்கோவிட்ஸ். ரோலிங் ஸ்டோன்ஸ், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ஆகியோரைப் படம்பிடித்துப் பெயர் வாங்கியவர். புகைப்படமாகப் பார்த்தால் அதில் குறையே சொல்ல முடியாது. வெளிச்சமும் முகபாவமும் அத்தனை நேர்த்தி. அந்தப் படம் எதற்காகப் பயன்பட்டது என்பதில்தான் சிக்கல். புதிய பாடகி ஒருவரை மக்கள் முன்னால் நிறுத்தும்போது முதல் படம் எது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? இந்தக் கேள்வி அன்று இருந்த அதே கூர்மையோடு இன்றும் இருக்கிறது. சென்னையில் தன் முதல் பாட்டை யூட்யூபில் ஏற்றத் துடிக்கும் பெண்ணுக்கும் இதே கேள்விதான்.

ஜெயித்த சண்டை, தோற்ற சண்டை

கேட் புஷ் பள்ளி மாணவியாக இருந்தபோதே பாட்டுகள் எழுதிக் குவித்தவர். அவற்றைக் கேட்டு வியந்த பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மோர், தன் சொந்தச் செலவில் சில பாட்டுகளை ஒழுங்காகப் பதிவு செய்ய வைத்தார். அதன் வழியாகத்தான் ஈ.எம்.ஐ. நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. ஒரு விஷயத்தில் அந்த நிறுவனத்தைப் பாராட்ட வேண்டும். உடனே மேடையேற்றிவிடாமல், வளர்வதற்கு அவகாசம் கொடுத்தது. அந்த நாட்களில் அவர் நடனக் கலைஞர் லின்ட்சே கெம்ப்பின் வகுப்புகளில் நடனமும் அபிநயமும் கற்றார்.

வெளியீட்டு நேரம் நெருங்கியதும் உரசல் ஆரம்பித்தது. முதல் பாட்டாக 'ஜேம்ஸ் அண்ட் த கோல்ட் கன்' வர வேண்டும் என்றது நிறுவனம். ராக் இசைக்குப் பழகிய காதுகளுக்கு அது வசதியான பாட்டு. அந்த ஆவியின் பாட்டான 'வுதரிங் ஹைட்ஸ்'தான் வர வேண்டும் என்று 19 வயதுப் பெண் பிடிவாதமாக நின்றார். நிறுவனம் இறங்கி வந்தது. 1977 நவம்பர் 4 என்று தேதியும் குறித்தார்கள். அடுத்த சண்டை அட்டைக்கு. இசைத்தட்டின் உறைக்கு வைத்திருந்த படம் தனக்குப் பிடிக்கவில்லை, மாற்றியே ஆக வேண்டும் என்றார். வெளியீடு தள்ளிப்போனது. 1978 ஜனவரி 20 அன்றுதான் இசைத்தட்டு கடைக்கு வந்தது. முதல் பாட்டையே இன்னும் வெளியிடாத ஒரு பெண், ஓர் அட்டைக்காக இரண்டரை மாதத் தாமதத்தை ஏற்றுக்கொண்டார் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தத் துணிச்சல் எனக்குப் பாட்டைவிடவும் பெரியதாகத் தெரிகிறது.

இதற்கிடையே முன்கூட்டி அனுப்பிய பிரதிகள் சில வானொலி நிலையங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. லண்டனின் கேப்பிட்டல் ரேடியோ, கடையில் கிடைக்காத அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பியது. தாமதமே விளம்பரமாக மாறிவிட்டது. மார்ச் மாதம் பாட்டு முதலிடத்தைப் பிடித்து நான்கு வாரம் அங்கேயே இருந்தது. தானே எழுதிய பாட்டோடு பிரிட்டனின் தரவரிசையில் முதலிடத்தைத் தொட்ட முதல் பெண் கேட் புஷ்தான்.

மாற்றி வைத்த அட்டை எப்படி இருந்தது? மஞ்சளும் பொன்னும் கலந்த பின்னணியில் ஒரு பிரம்மாண்டமான கண். அதன் முன்னால் வண்ணம் தீட்டிய பெரிய பட்டம். பட்டத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பறக்கும் சின்ன உருவமாகக் கேட். டிஸ்னியின் 'பினோக்கியோ' படத்தில் ஜிமினி என்ற சுவர்க்கோழி குடையைப் பிடித்தபடி திமிங்கிலத்தின் கண்ணைக் கடந்து மிதந்து போகும் காட்சி உண்டு. அதிலிருந்து பிறந்த யோசனை. படமெடுத்தவர் ஜே மிர்டால். முதல் ஆல்பமான 'த கிக் இன்சைட்' அட்டையிலும் இதுவே இடம்பெற்றது.

வடிவமைப்பாக மட்டும் பார்த்தால் அது மகத்தான அட்டை என்று நான் சொல்லமாட்டேன். எழுத்துருவில் கீழைநாட்டுச் சாயலை வலிந்து புகுத்தியிருக்கிறார்கள். முகம் சிறுத்துப்போய், கடையில் தள்ளி நின்று பார்ப்பவருக்கு ஆள் யாரென்றே தெரியாது. விற்பனைப் பிரிவினர் முகம் சுளித்திருந்தால் அதில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்த அட்டை ஆல்பத்தைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்கிறது. இது கதைகளின் உலகம், இந்தப் பெண் தன் கற்பனையைப் பிடித்துத் தொங்குகிறவள் என்கிறது. உள்ளே இருக்கும் பாட்டுகளும் அதையேதான் சொல்கின்றன.

அட்டையில் ஜெயித்தவர் போஸ்டரில் தோற்றார். உறையில் எது வர வேண்டும் என்று சண்டை போட முடிந்தது. விளம்பரத்தில் எது வர வேண்டும் என்பது வேறு மேசையில், வேறு ஆட்களால் முடிவானது. அங்கே இளஞ்சிவப்புப் பனியன் படம் தேர்வானது. ஆல்பம் ஜப்பானில் வந்தபோது அட்டைக்கே அந்த வகைப் படம் ஏறிவிட்டது. அமெரிக்காவுக்கும் பிறகு வேறொரு படம் வந்தது. தன்னை ஒரு கலைஞராக அல்லாமல் பெண்ணுடலாக விற்றார்கள் என்று அவர் பின்னாளில் பேட்டிகளில் வருத்தப்பட்டுச் சொல்லியிருக்கிறார். அதன்பின் அவருடைய போக்கைக் கவனித்தால் பாடம் கற்றுக்கொண்டது தெரியும். தன் தொழிலைக் குடும்பத்தினரோடு சேர்ந்து தானே நிர்வகித்தார். 1982-ன் 'த ட்ரீமிங்', 1985-ன் 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' இரண்டின் அட்டைப்படங்களையும் எடுத்தவர் அவருடைய அண்ணன் ஜான் கார்டர் புஷ். முடிவெடுக்கும் மேசை வீட்டுக்குள் வந்துவிட்டது.

முகமே இல்லாத உறைகள்

இசைத்தட்டுக்கு அட்டைப்படம் என்பதே தாமதமாக வந்த வழக்கம். 1902-ல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் கிராமபோனுக்காகப் பாடியபோது, தட்டுகள் வெறும் காகித உறையில்தான் வந்தன. யார் பாடியது என்று தெரிய வேண்டுமே என்பதற்காகப் பாட்டின் முடிவில் தன் பெயரைத் தானே சொல்லி முடித்தார். முகம் வேறு வழிகளில் பரவியது. அவர் படம் போட்ட தீப்பெட்டிகள் ஆஸ்திரியாவிலிருந்து வந்தன. அந்தப் படத்தை வைத்து யார் எவ்வளவு சம்பாதித்தார்கள், அவருக்கு அதில் என்ன கிடைத்தது என்று கேட்கும் வழக்கம் அன்று இல்லை.

உறைக்கு உயிர் கொடுத்தவர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற நியூயார்க் இளைஞர். 1939-ல் கொலம்பியா நிறுவனம் அவரைக் கலை இயக்குநராக எடுத்தபோது வயது 22. அதுவரை ஆல்பம் என்றால் தட்டுகளைச் செருகிவைக்கும் கெட்டி அட்டைப் புத்தகம், முதுகில் பெயர், அவ்வளவுதான். 1940-ல் அவர் வரைந்து கொடுத்த அட்டைகள் வந்ததும் விற்பனை பல மடங்கு ஏறியது. இசைக்கடைக்காரர்களுக்குக் கண்ணும் ஒரு காது என்று புரிந்தது அப்போதுதான். 1948-ல் எல்.பி. வந்து, பன்னிரண்டு அங்குலச் சதுரம் நிலைத்தது. அந்தச் சதுரத்துக்குள் ஒரு பெண்ணை எப்படி நிறுத்துவது என்பதில் ஒரு வாய்பாடும் உருவாகிவிட்டது: சிரித்த முகம், சாய்ந்த தலை, பளபளக்கும் உடை.

வெள்ளைச் சட்டை

அந்த வாய்பாட்டை உடைத்த அட்டை ஒன்றைச் சொல் என்று கேட்டால், யோசிக்காமல் 1975-ல் வந்த அமெரிக்கப் பாடகி பாட்டி ஸ்மித்தின் 'ஹார்ஸஸ்' என்பேன். ஆண்கள் போடும் வெள்ளைச் சட்டை, கறுப்பு நாடா, தோளில் தொங்கவிட்ட கறுப்புக் கோட்டு, கலைந்த தலை. சிரிப்பில்லை. பார்ப்பவரை அளந்துபார்க்கும் பார்வை. பின்னால் வெறும் வெள்ளைச் சுவர், அதில் ஒரு வெளிச்ச முக்கோணம்.

இந்தப் படத்தின் பின்னணி அவருடைய 'ஜஸ்ட் கிட்ஸ்' நூலில் விரிவாக இருக்கிறது. படமெடுத்த ராபர்ட் மேப்பிள்தார்ப் அவருடைய இளமைக்கால நண்பர். சோற்றுக்கே திண்டாடிய காலத்தில் இருவரும் ஒரே அறையில் வாழ்ந்தவர்கள். சட்டை, பழைய துணிகள் விற்கும் சால்வேஷன் ஆர்மி கடையில் வாங்கியது. கோட்டில் குத்தியிருந்த சின்னக் குதிரைப் பின் ஒரு நண்பரின் பரிசு. ஐந்தாவது அவென்யூவில் ஒரு மாடி வீட்டில், விளக்கே போடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் பன்னிரண்டு படங்கள் எடுத்தார். கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார். சிகை அலங்காரம் செய்ய யாரும் வரவில்லை. உடை தேர்ந்தெடுக்க நிறுவனத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.

படத்தைப் பார்த்த அரிஸ்டா நிறுவனம் தயங்கியது. தலைமுடியைச் சீராக்க, முகத்தைக் கொஞ்சம் மெருகேற்ற ரீடச் செய்யலாமே என்றார்கள். பாட்டி ஸ்மித் மறுத்துவிட்டார். படம் எடுத்தபடியே அச்சேறியது. இந்த அட்டையின் வலிமை நல்ல கேமராவால் வந்தது என்று நினைத்தால் தவறு. எடுத்தவருக்கு அந்தப் பெண்ணை வருடக்கணக்கில் தெரியும். அவர் கவிதை படிப்பதைக் கேட்டிருக்கிறார். பசியோடு இருந்ததைப் பார்த்திருக்கிறார். அட்டை வடிவமைக்கும் எந்த டிசைனருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான்: முதலில் அந்தப் பெண்ணின் பாட்டை முழுதாகக் கேளுங்கள், அவளோடு உட்கார்ந்து பேசுங்கள், கேமராவைப் பிறகு எடுங்கள்.

1988-ல் பாடகி ட்ரேசி சாப்மனின் முதல் ஆல்பம் வந்தபோதும் இப்படி ஒரு நிதானம் தெரிந்தது. மேட் மஹூரின் எடுத்த அந்தப் பழுப்புநிறப் படத்தில் அவர் கேமராவைப் பார்க்கவே இல்லை, கண்கள் தாழ்ந்திருக்கின்றன. அந்த ஆண்டு ஜூன் 11 அன்று லண்டன் வெம்ப்ளியில் நெல்சன் மண்டேலாவின் 70-வது பிறந்தநாள் கச்சேரி நடந்தது. இன்னொருவரின் நிகழ்ச்சி தடைப்பட்டதால், ஏற்கெனவே பாடிவிட்டுப் போன சாப்மன் மறுபடியும் ஒரு கிட்டாரோடு தனியாக மேடையேறினார். உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறுநாள் கடையில் தேடியபோது, மேடையில் நின்ற அதே பெண் அட்டையிலும் இருந்தார். படத்துக்கும் ஆளுக்கும் இடைவெளி இல்லை.

தன் கையால் வெட்டிய ஸ்டென்சில்

அட்டை, விளம்பரம் இரண்டையும் ஒரே கையால் செய்த பெண் ஒருவர் உண்டு. அவர் தமிழர். மாதங்கி 'மாயா' அருள்பிரகாசம், உலகத்துக்கு எம்.ஐ.ஏ. 1975-ல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போரால் இடம்பெயர்ந்து, கொஞ்ச காலம் சென்னையிலும் வாழ்ந்து, 1986-ல் அகதியாக லண்டன் திரும்பியவர். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் திரைப்படம் படித்தார். இசைக்கு வருவதற்கு முன்பே ஓவியர். 2000-ல் எலாஸ்டிகா என்ற பிரிட்டிஷ் குழுவின் 'த மெனஸ்' ஆல்பத்துக்கு அட்டை செய்தவர் அவர்தான். அந்தக் குழுவின் சுற்றுப்பயணத்தைப் படமெடுக்கப் போன இடத்தில் ரோலண்ட் எம்.சி.-505 என்ற தாளக்கருவி அறிமுகமானது. அட்டை வரையப் போனவர் பாட்டோடு திரும்பினார்.

2003-ல் அவருடைய 'கலாங்' பாட்டு வெறும் 500 பிரதிகள் அச்சானது. பிறகு அதன் வீடியோவில் அவர் ஆட, பின்னணியில் அவருடைய ஸ்டென்சில் ஓவியங்களே ஓடின: டாங்கிகள், குண்டுகள், புலிகள், பனைமரங்கள், எல்லாம் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில். 2005-ல் எக்ஸ்.எல். நிறுவனம் வெளியிட்ட முதல் ஆல்பத்துக்குத் தன் தந்தையின் இயக்கப் பெயரான 'அருளர்' என்பதையே வைத்தார். அட்டையிலும் அதே ஸ்டென்சில் உலகம். வீடியோ, அட்டை, ஓவியம் எதைப் பார்த்தாலும் ஒரே மனம் செய்தது என்று தெரியும்.

அந்தப் படிமங்கள்மேல் கடுமையான விமர்சனம் வந்தது. வன்முறையை அழகுபடுத்துகிறார், ஆயுதத்தை ஃபேஷனாக்குகிறார் என்றார்கள். போரில் வீட்டை இழந்தவர்களிலும் அந்தப் படங்களைப் பார்க்கப் பிடிக்காதவர்கள் இருக்கக்கூடும். அந்த வாதத்துக்கு இடமுண்டு. ஆனால் வாதாட வேண்டிய ஆள் யார் என்பதில் மட்டும் குழப்பமே இல்லை. பதில் சொல்ல வேண்டியவரும் அவரே, சொன்னவரும் அவரே. 2010-ல் வந்த 'மாயா' ஆல்பத்தில் தன் முகத்தையே யூட்யூப் கோடுகளால் மூடிக் கண்களை மட்டும் விட்டுவைத்தார். முகம் காட்டுவதும் மறைப்பதும் தன் உரிமை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் அட்டையில் சொன்னதில்லை.

இவருக்குப் பின் வந்த தலைமுறையில் பாடகி பில்லி ஐலிஷ் 2019-ல் ஓர் ஆடை நிறுவனத்தின் விளம்பரத்தில் தோன்றினார். தொளதொளப்பான உடைகளுடன். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்காததால் தன் உடலைப் பற்றி யாராலும் கருத்துச் சொல்ல முடியாது என்ற பொருளில் அந்த விளம்பரத்திலேயே பேசினார். அப்போது அவருக்கு வயது 17. கேட் புஷ்ஷுக்கு விளம்பர மேசையில் கிடைக்காத இடம், நாற்பது ஆண்டு கழித்து ஒரு பதின்வயதுப் பெண்ணுக்குக் கிடைத்தது.

நம் வீட்டுப் பாடகிகள்

தமிழில் இந்தக் கேள்வி வேறு விதமாக நிற்கிறது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் இசைத்தட்டு 1926-ல் வந்தபோது அவருக்குப் பத்து வயது. பின்னாளில் அவருடைய எல்.பி. உறைகளில் அந்த முகம், குங்குமம், மூக்குத்தி எல்லாம் வீட்டுப் பூஜையறைப் படம்போல நிலைத்துவிட்டன. பக்திப் பாடகிக்கும் கர்நாடக இசைக்கலைஞருக்கும் தங்கள் அட்டையில் முகம் இருந்தது. சினிமாப் பாடகிக்கு அது அபூர்வம். 'பதினாறு வயதினிலே' படத்தில் பாடி எஸ். ஜானகி தேசிய விருது வாங்கினார். 'கருத்தம்மா'வில் பாடி ஸ்வர்ணலதா வாங்கினார். நம் அலமாரிகளில் இருந்த கேசட் அட்டைகளிலோ நாயகன், நாயகி, இயக்குநர் பெயர், இசையமைப்பாளர் படம். பாடியவர் பெயர் உள்மடிப்பில் பொடி எழுத்தில். எத்தனையோ வீடுகளில் ஸ்வர்ணலதாவின் குரல் தினமும் ஒலித்தது, அவர் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாமலேயே. அவர் இறந்தபிறகுதான் பலர் படத்தைத் தேடிப் பார்த்தார்கள். எனக்கு இது ஆறாத வருத்தம்.

இன்று சுயாதீன இசை வந்து அந்தக் கதவைத் திறந்திருக்கிறது. திரைப்படம் தேவையில்லை, நாயகன் தேவையில்லை, பாடகியே பாட்டின் முகம். ஆனால் அட்டை செல்போன் திரையில் கட்டைவிரல் நகமளவுக்குச் சுருங்கிவிட்டது. பாட்டைத் தளங்களில் ஏற்றித்தரும் நிறுவனங்கள் பொதுவாக 3000-க்கு 3000 பிக்சல் சதுரப் படம் கேட்கின்றன. கேட்பவர் பார்ப்பதோ அதன் துளி. அந்தத் துளியில் முகத்தைப் பெரிதாகப் போட்டு, அழகாக்கும் ஆப் வழியாக நிறத்தை வெளுப்பாக்கி, பெயரைப் பொன்னெழுத்தில் வைத்தால் போதும் என்ற வாய்பாடு இங்கேயும் வேகமாக வேரூன்றுகிறது. மாநிறப் பெண் பாடினாலும் தம்ப்நெயிலில் ஒரு சிவப்புப் பெண்தான் தெரிகிறாள். பாட்டி ஸ்மித் தன் கலைந்த தலைமுடிக்காக மறுத்ததைவிட, நம் பெண்கள் தங்கள் தோல் நிறத்துக்காக மறுக்க வேண்டிய தேவை பெரியது.

அட்டை யாரைக் காட்டுகிறது, யாரை விட்டுவிடுகிறது என்ற கேள்விக்கு நாமும் சாட்சி. 2021-ல் 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டு உலகம் சுற்றியது. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அதைப் பாடிய பாடகி தீயும், ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தார்கள். பாட்டை எழுதி, தீயோடு சேர்ந்து பாடிய ராப் கலைஞர் அறிவு அதில் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினார், விவாதம் கிளம்பியது, பிறகு அறிவுக்கு இணைய அட்டை வந்தது. ஒரு பத்திரிகை அட்டை எப்படித் தயாரானது என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. அதில் இருப்பவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து அதன் பலனைச் சுமக்க வேண்டியிருக்கிறது. இளம் பாடகியான தீயும் பின்னர் விளக்கம் சொல்ல நேர்ந்தது.

ஒரு புதிய பாடகிக்கு அட்டை செய்வதும் விளம்பரம் செய்வதும் இரு வேலைகள் என்று நிறுவனங்கள் பிரித்துவைத்திருக்கின்றன. அட்டை கலைப் பிரிவுக்கு, போஸ்டரும் ரீல்ஸும் விற்பனைப் பிரிவுக்கு. அந்த இடைவெளியில்தான் கேட் புஷ் அகப்பட்டார். பாடகிக்கு அட்டையைக் காட்டிச் சம்மதம் வாங்கிவிட்டு, விளம்பரத்தை அவருக்குத் தெரியாமலேயே ஓடவிடுவது இன்றும் எளிது. படப்பிடிப்பில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் அட்டைக்குப் போவது ஒன்று. மிச்சம் எல்லாம் யாரிடம் இருக்கிறது, எங்கே பயன்படும், எத்தனை வருடம் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

ஆகவே, பாட்டை வெளியிடப்போகும் தங்கைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: அட்டைப்படம், போஸ்டர், தம்ப்நெயில், விளம்பரம் என்று என் முகம் வரும் எதுவும், நான் எழுத்தில் சம்மதம் தந்த பிறகே வெளியாக வேண்டும். பயன்படுத்தாத படங்கள் யார் கையில் இருக்கும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். நிறுவனம் தயங்கினால், தேதி தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்று சொல்லுங்கள்.

படம் கிடைக்கும்வரை பாட்டு காத்திருக்கும்.